வில்கமுவவும் பகுதிகளாலான கணினியும்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு எல்லைப்புறத்தே, மகாவலி கங்கைக்கு அண்மையில் அமைந்துள்ளது வில்கமுவ. தென்மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடரும் வடக்கே வஸ்கமுவ தேசிய வனமும் அமைய, நெல்வயல்களும் யானை வேலிகளும் நிறைந்து காணப்படும் இப்பிரதேசத்தின் சிறுநகரம் ஹெட்டிப்பொல. மாவட்டத் தலைநகருக்கே நெடும்பயணம் செய்ய வேண்டியுள்ள இத்தகைய இடங்களில் ஒரு பொறியின் பெறுமதி அதன் விலையைக்கொண்டு மட்டும் கணிக்கப்படுவதில்லை. பழுதுற்றால் அதனை அண்மையிலேயே திருத்திக்கொள்ள இயலுமா என்பதே முதன்மையான வினாவாகும். ‘லாண்ட்மாஸ்டர்’ என மக்கள் வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்தில் பட்டி அறுந்தால் உழவர் பட்டியையே மாற்றுவர், இயந்திரத்தைக் கழித்துவிடுவதில்லை. தனித்தனிப் பகுதிகளை வாங்கிப் பொருத்தி அமைக்கப்படும் மேசைக் கணினியும் இதே நியதிக்கு உட்பட்டே இலங்கையின் நாட்டுப்புறங்களை வந்தடைந்தது. அந்நியதி இன்று தளரத் தொடங்கியுள்ளது. அது தோன்றிய வரலாற்றையும், தளர்ச்சியின் காரணங்களையும், அதனால் வில்கமுவ போன்ற எல்லைப் பிரதேசங்கள் இழக்கக்கூடியவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசைக் கணினி என்பது ஒரு தனிப்பொருளன்று. பல பொருள்களின் கூட்டம். கணித்தற் பணியை நிகழ்த்தும் முறைவழியாக்கி, அதற்கு வேண்டிய தரவுகளை அவ்வப்போது தாங்கி நிற்கும் நினைவகம், நிலையாகச் சேமிக்கும் வன்தட்டு, படங்களைத் திரைக்கு அனுப்பும் வரைவியல் அட்டை, மின்வழங்கி, இவையனைத்தையும் இணைக்கும் ‘மதர்போட்’ என்னும் தாய்ப்பலகை, யாவற்றையும் தாங்கும் உலோகப் பேழை என அவற்றைப் பகுத்துக் கூறலாம். இவற்றை ஆக்குவோர் வெவ்வேறு நாடுகளிலுள்ள வெவ்வேறு நிறுவனத்தினர். ஒருவரையொருவர் அறியாத இந்நிறுவனங்களின் ஆக்கங்கள் ஒரே பேழைக்குள் பிழையின்றிப் பொருந்துகின்றன. திருகாணித் துளையின் இடம், செருகுவாயின் நீளம், மின்னழுத்தத்தின் அளவு ஆகியன முன்கூட்டியே பொதுவாக வரையறுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். எனவே கணினியைக் கூட்டியமைக்கும் தொழிலின் வரலாறு பொது அளவைகளின் வரலாறேயாகும்.

அவ்வரலாற்றின் தொடக்கமாக 1975ஆம் ஆண்டைக் கொள்வது வழக்கம். அவ்வாண்டு ஜனவரியில் ‘பொப்பியுலர் இலெக்ரோனிக்ஸ்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, வீட்டிலிருந்தே பொருத்தி அமைக்கத்தக்க ‘அல்ரெயர் 8800’ என்னும் கணினியை அறிமுகஞ் செய்தது. மறு ஆண்டு வெளிவந்த முதலாவது அப்பிள் கணினியும் பேழையற்ற வெறும் பலகையாகவே விற்கப்பட்டது. ஆயினும் இவை ஆர்வலர் சிலரின் வட்டத்துக்கு அப்பாற் பரவிய பொது அளவையைத் தோற்றுவிக்கவில்லை.

அத்தகைய அளவை 1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியோடு வந்தது. சந்தையில் விரைந்து நுழைய விரும்பிய அந்நிறுவனம், வழக்கத்துக்கு மாறாகப் பிறர் ஆக்கிய பகுதிகளையே பெரிதும் பயன்படுத்தியது. முறைவழியாக்கி இன்ரெல் நிறுவனத்தினது. பணிசெயல் முறைமை மைக்றோசொவ்ற் நிறுவனத்தினது. புதிய அட்டைகளைச் செருகுவதற்கு ஐந்து இடங்கள் விடப்பட்டிருந்தன. அவற்றைப் பிறரும் ஆக்குதற் பொருட்டு மின்சுற்று விபரங்களும் நூல் வடிவில் வெளியிடப்பட்டன. ஐ.பி.எம்.மின் தனியுரிமையாக எஞ்சியது ‘பயோஸ்’ எனப்படும் அடிப்படை நிரல் ஒன்றே. 1982இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் உருவான கொம்பாக் நிறுவனம் அதனையும் சட்டத்துக்கு உட்பட்டே எதிர்கொண்டது. ஒரு குழுவினர் நிரலின் செயற்பாட்டை ஆராய்ந்து விபரித்தனர். மூல நிரலை ஒருபோதும் கண்டிராத மற்றொரு குழுவினர் அவ்விபரிப்பை மட்டுங் கொண்டு புதிய நிரலை எழுதினர். 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய நிரலை எவருக்கும் விற்க முன்வந்ததும், ஐ.பி.எம். கணினியை ஒத்த கணினிகளை ஆக்கும் வாய்ப்பு உலகெங்கும் பரவியது.

திறந்த கதவை மீண்டும் அடைக்க ஐ.பி.எம். முயலாமலில்லை. 1987 ஏப்ரலில் அது வெளியிட்ட பி.எஸ்/2 வரிசைக் கணினிகளில் அட்டைகளைச் செருகும் முறை முற்றாக மாற்றப்பட்டது. அதனைப் பயன்படுத்த விழையும் பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இதனை எதிர்த்து 1988இல் கொம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி மாற்று அளவையொன்றை அறிவித்தன. ஐ.பி.எம்.மின் முயற்சி தோற்றது. 1995இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவையே இன்றும் தாய்ப்பலகைக்கும் பேழைக்கும் மின்வழங்கிக்கும் அடிப்படையாக உள்ளது. ஐ.பி.எம். தன் தனியாள் கணினிப் பிரிவையே 2005இல் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அளவையோ அதனைத் தோற்றுவித்த நிறுவனத்தின் கையை விட்டகன்று உலகின் பொதுவுடைமையாயிற்று. அன்று பொது அளவையைக் காத்தது இலட்சியமன்று, போட்டி நிறுவனங்களின் ஆதாய நோக்கமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு இவ்வலை வந்து சேர்ந்த விதமும் நோக்கற்பாலது. 1977இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமை தனியாள் கணினி நாட்டினுள் வருவதற்கு வழிவகுத்தது. 1983இல் கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க், கேப்ரோ என்னும் கணினியின் துணையோடு அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஒருவருடன் தொலைபேசிக் கம்பி வழியே மடல் பரிமாறினார். அக்கணினியை ஆக்கிய நிறுவனம் பத்தாண்டுக்குள் மறைந்துபோயிற்று. 1984இல் ‘சின்ரெக்’ எனப்பட்ட கணினி, தகவல் தொழினுட்பப் பேரவை அமைக்கப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க அதன் தலைவராக நெடுங்காலம் பணியாற்றினார். எனினும் கணினியை நடுத்தர வகுப்பினரின் வீடுகளுக்குக் கொண்டு சென்றவை பேரவைகள் அல்ல. பகுதிகளை இறக்குமதி செய்து கூட்டி விற்ற கடைகளேயாம். பம்பலப்பிட்டியிலுள்ள யுனிற்றி பிளாசா கட்டடம் அவ்வணிகத்தின் நடுநாயகமாக விளங்கலாயிற்று. சென்னையில் ரிச்சி தெரு வகிக்கும் இடத்தை ஈழத்தில் அக்கட்டடம் வகித்தது எனலாம்.

கூட்டியமைத்த கணினி நாட்டுப்புறத்துக்கு அளித்த நன்மைகள் மூன்று. முதலாவது, விலையைக் கூறுபடுத்தும் வாய்ப்பு. அறுவடைப் பணம் கைக்கு வந்தபோது தாய்ப்பலகையும் முறைவழியாக்கியும் வாங்கிய குடும்பம், அடுத்த போகத்தின் பின் நினைவகத்தை இரட்டிப்பாக்கலாம். இரண்டாவது, பழுதைக் கூறுபடுத்தும் வாய்ப்பு. ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலத்து இடிமின்னல் இலங்கையின் உட்பிரதேசங்களில் மிகுதி. மின்னலால் மின்வழங்கி எரிந்தால் மின்வழங்கியை மாற்றினாற் போதும். நினைவக அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பில் ஈரமும் தூசும் படிந்து கணினி இயங்க மறுத்தால், அழிறப்பரால் அவ்விளிம்பைத் தேய்த்துச் சீர்செய்வது திருத்துநர் யாவரும் அறிந்த கைமுறை. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், தரங்குறைந்த கொள்ளளவிகள் பொருத்தப்பட்ட தாய்ப்பலகைகள் உலகெங்கும் பழுதுற்றன. வீங்கிப்போன அச்சிறு உருளைகளைக் கழற்றிப் புதியன பொருத்திய திருத்துநர்கள் எண்ணற்ற கணினிகளை மீட்டெடுத்தனர். மூன்றாவது நன்மை கல்வி சார்ந்தது. பேழையைத் திறந்து பார்த்த மாணவன், நூலிற் படித்த ‘உள்ளீடு, முறைவழி, வெளியீடு’ என்னும் சொற்களுக்குக் கைப்படு பொருளைக் கண்டான். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக இடம்பெறும் நாட்டில் இது சிறு பயனன்று.

2005ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘நெனசல’ அறிவு நிலையங்களும் கணினியைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றன. அத்திட்டம் 2014இல் பில், மெலிண்டா கேற்ஸ் அறநிறுவனத்தின் கல்விவாய்ப்பு விருதைப் பெற்றது. இருப்பினும் 2019ஆம் ஆண்டளவிலும் இலங்கையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வீடுகளிலேயே கணினி இருந்தது. தோட்டத்துறையில் அவ்விகிதம் மிகமிகக் குறைவு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையவழிக்கு மாறியபோது இவ்வேற்றுமையின் கொடுமை யாவர்க்கும் புலனாயிற்று. அதனைத் தொடர்ந்து 2022இல் பொருளாதார நெருக்கடி முற்றியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. இறக்குமதிப் பகுதிகளையே நம்பியிருந்த கணினித் தொழிலுக்கு இது பேரிடியாயிற்று. எனினும் இத்தகைய காலத்திலேயே திருத்தத்தக்க பொருளின் அருமை வெளிப்படுகிறது. முழுக் கணினியை வாங்க வழியற்றவர்க்கும் ஒரு பகுதியை மாற்றும் வழி எஞ்சியிருந்தது.

அவ்வழியைச் சுருக்கிவரும் காரணங்களுள் தலையாயது தொழினுட்பத்தின் போக்கு. பகுதிகள் ஒன்றையொன்று விழுங்குவது புதிய நிகழ்ச்சியன்று. 1980இல் தனிச் சில்லாக வெளிவந்த கணித இணைச்செயலி 1989இல் வெளியான இன்ரெல் 486 முறைவழியாக்கியினுள் அடங்கியது. தனி அட்டைகளாக இருந்த ஒலியும் வலையமைப்பும் பின்னர் தாய்ப்பலகையோடு கலந்தன. இன்று நினைவகமே அவ்வாறு ஒடுங்கி வருகிறது. 2020இல் அப்பிள் வெளியிட்ட எம்1 வரிசையில் முறைவழியாக்கியும் வரைவியற் பகுதியும் ஒரே சில்லில் அமைந்தன. நினைவகமும் அதே பொதியில் ஒட்டப்பட்டது. இதற்கு நேர்மையான காரணமும் உண்டு. தரவு செல்லும் தூரம் குறையக் குறைய வேகம் கூடும், மின்செலவு குறையும். திருத்தத்தக்க மடிக்கணினிகளை ஆக்கிப் புகழ்பெற்ற பிரேம்வேர்க் நிறுவனமே 2025இல் அறிவித்த மேசைக் கணினியில் நினைவகத்தைக் கழற்ற முடியாதவாறு பற்றாசு வைத்துப் பொருத்தியது. தேவையான வேகத்தைச் செருகும் முறையில் எட்ட இயலவில்லை என்பதே அது கூறிய விளக்கம். 1987இல் கதவை அடைக்க முயன்றது ஒரு நிறுவனத்தின் தன்னலம். இன்று அடைப்பது பெரிதும் பௌதிக விதியாகும்.

இரண்டாவது காரணம் சந்தையின் போக்கு. வரைவியல் அட்டைகள் முதலில் மறைநாணயம் ஈட்டுவோராலும், பின்னர் அவற்றையொத்த சில்லுகள் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களாலும் பெருமளவில் வாங்கப்பட்டன. 2022இல் ஈ.வீ.ஜி.ஏ. என்னும் பெயர்பெற்ற நிறுவனம் வரைவியல் அட்டை வணிகத்தைக் கைவிட்டது. உலக நினைவகச் சில்லு உற்பத்தியின் மிகப் பெரும்பங்கு மூன்று நிறுவனங்களின் கையில் உள்ளது. அவற்றுளொன்றான மைக்ரோன், ‘குருஷல்’ என்னும் பெயரில் நுகர்வோருக்கு நினைவகம் விற்கும் வணிகத்தை 2026 பெப்ரவரியுடன் நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. தரவு நிலையங்களின் பெருந்தேவையே அம்முடிவுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. தனியொருவர் வாங்கும் ஓர் அட்டை இப்பெருவணிகத்தின் முன் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை.

கைப்பேசியும் மடிக்கணினியும் உள்ளபோது மேசைக் கணினிக்காக இரங்குவானேன் என வினவுவோர் உளர். அவ்வினா முற்றிலும் தள்ளத்தக்கதன்று. கடிதத் தொடர்புக்கும் காணொளிப் பாடத்துக்கும் கைப்பேசி போதும். மின்வெட்டின்போது மடிக்கணினியே உதவும். எனினும் நிரலெழுதவும், வரைபடம் வரையவும், ஒரே கணினியைப் பல மாணவர் ஆண்டுக்கணக்கிற் பயன்படுத்தவும் மேசைக் கணினிக்கு நிகரில்லை. கொழும்பிலுள்ளவர் பழுதுற்ற கருவியை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். வில்கமுவவிலுள்ள பாடசாலையொன்றுக்கோ, நினைவகம் பழுதுற்றதனால் முழுக் கணினியையும் இழப்பதென்பது அடுத்த நன்கொடை கிடைக்கும்வரை ஓர் இருக்கையை வெறுமையாக வைத்திருப்பதாகும். பகுதிகள் ஒன்றிணைவதால் விளையும் வேகம் எல்லோர்க்கும் பொது. அதற்குச் செலுத்தும் விலையோ தூரத்தில் வாழ்பவர்க்கே அதிகம்.

இவ்விடத்து 1988ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தரும் படிப்பினை பெரிது. அன்று ஒன்பது நிறுவனங்களின் நலன் மக்களின் நலனோடு ஒத்துச் சென்றது. இன்று அவ்வொற்றுமை காணப்படவில்லை. ஆகவே பொது அளவையைக் காக்கும் பொறுப்பு வாங்குவோர் பக்கம் பெயர்ந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றிய பணிப்புரையை நிறைவேற்றியது. கைப்பேசியும் துணி துவைக்கும் இயந்திரமும் இடம்பெற்ற அதன் முதற் பட்டியலில் மேசைக் கணினி இடம்பெறவில்லை. சிறிய நாடான இலங்கையால் உலக உற்பத்தியை நெறிப்படுத்த இயலாது. ஆயினும் பாடசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் கணினி வாங்குகையில், நினைவகமும் சேமிப்பகமும் மின்வழங்கியும் தனித்தனியே மாற்றத்தக்கனவாய், பொது அளவைக்கு அமைந்தனவாய் இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையைக் கேள்விப்பத்திரங்களிற் சேர்ப்பது அரசுக்கு இயலக்கூடியதே. 2025 ஒக்ரோபரில் விண்டோஸ் 10 முறைமைக்கான ஆதரவு முடிவுற்றதால் கைவிடப்படும் பழைய கணினிகளைக் கட்டற்ற லினக்ஸ் முறைமையில் இயக்கி, மாகாணப் பாடசாலைகளுக்கு வழங்கும் பணியைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடங்கள் மேற்கொள்ளலாம். அப்பணியோடு ஒவ்வொரு கோட்டத்திலும் ஆசிரியர் ஓரிருவருக்கேனும் பேழையைத் திறந்து திருத்தும் பயிற்சி அளிக்கப்படுமாயின், பகுதிகள் கிடைக்குமட்டும் அக்கணினிகள் பயன்படும்.

கூட்டியமைக்கும் தொழில் முற்றாக அழியும் எனத் துணிந்து கூறுதற்கில்லை. முன்னைய வளத்தோடு நிலைக்கும் என்று கூறுதற்கும் இல்லை. அது செல்வர்தம் பொழுதுபோக்காகச் சுருங்குமா, அல்லது வில்கமுவ போன்ற பிரதேசங்களின் தேவைக்குரிய தொழிலாகத் தொடருமா என்பது, வருங்காலத்தில் நாட்டின் பாடசாலைகளுக்கு எத்தகைய கணினிகள் வாங்கப்படும் என்பதைப் பெரிதும் பொறுத்துள்ளது.