பதிவேட்டின் முதல் பெயர்

2023ஆம் வருடம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் இரண்டு செய்திகளை அனுப்பினான். டிசம்பர் 17 முதல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில், வழக்கமான ஆராதனைக்கு நடுவே தன்பால் இணையருக்காக ஆசி ஜெபம் செய்யலாம் என்பது முதல் செய்தி. மறுநாள் வத்திக்கானும், திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் அப்படிப்பட்ட இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்று அறிவித்தது. அது இரண்டாவது. கீழே ஒரே வரி எழுதியிருந்தான்: "நம்ம ஊர்லயும் மாறுமால?"

அவன் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் வளர்ந்தவன். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று எல்லாம் முறைப்படி நடந்தது. பத்தொன்பது வயதில் வீட்டில் உண்மையைச் சொன்னான். விடுதலை ஜெபம் என்று ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் உபவாசம் முடிந்து வந்தவன் எதுவும் மாறிவிட்டதாகச் சொல்லவில்லை. பாடகர் குழுவுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டான். இப்போது பெங்களூரில் வேலை. இன்னொருவனோடு பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிறான். ஊரில் கேட்டால் அந்த இன்னொருவன் "ரூம்மேட்".

அவனுக்கு அன்றைக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. மாறும் என்று சொன்னால் அது ஆறுதலுக்குச் சொல்லும் பொய். மாறாது என்றால் இந்த மண்ணின் சபை வரலாற்றையே மறந்ததாகிவிடும். தாமிரபரணிக் கரையின் திருச்சபை பலமுறை மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது, மாறியபோது எதை விட்டுக்கொடுத்தது, எதை விடவேயில்லை என்று பார்த்தால்தான் அவன் கேள்விக்குக் கிட்டவாவது போகமுடியும்.

பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் வருடப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் கிளாரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராட்டிய பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர். அவரிடமிருந்தே கிறிஸ்தவத்தைக் கற்றுக்கொண்டார் என்பார்கள். ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனரி ஸ்வார்ட்ஸிடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். திருமணம் ஆகாமல் ஒரு ஆணோடு வாழும் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கில்லை. அந்த அதிகாரி இறந்தபின், 1778இல், அதே ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1785இல் கிளாரிந்தா முன்னின்று கட்டிய சிறிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றது. திருநெல்வேலிச் சீமையின் முதல் சீர்திருத்தச் சபை அங்கிருந்துதான் கிளைத்தது. பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915இல் இந்தப் பெண்ணை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

எங்கள் சபைகளில் கிளாரிந்தாவைப் பெருமையோடுதான் பேசுகிறோம். தடைகளைத் தாண்டி வந்தவர், ஆலயம் கட்டியவர், திருச்சபையின் தாய். எல்லாம் உண்மை. ஆனால் கதையின் நடுவில் இருக்கும் ஒரு விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். சபை அவரை ஏற்றுக்கொண்டபோது அதன் விதி மாறியிருக்கவில்லை. அந்த உறவு முடியும்வரை காத்திருந்து, ஒரு சாவுக்குப் பிறகு அவரைத் தனி ஆளாக உள்ளே எடுத்துக்கொண்டது.

நண்பனின் கேள்விக்கான முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளை ஏற்பது வேறு, ஆளின் உறவை ஏற்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வது சபைகளுக்குப் பழக்கம்.

இன்னொரு உதாரணம் வடக்கன்குளம். 1870களில் கட்டப்பட்ட அங்குள்ள கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கால்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலான பிறர். நடுவில் சுவர். எல்லாருக்கும் ஒரே பூசை, ஒரே குருவானவர்தான். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. "எல்லாரும் உள்ளேதான் இருக்காங்க" என்று அந்தக் காலத்துக் குருக்கள் நிம்மதியாகச் சொல்லியிருக்க முடியும். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றத்திலும் தோற்றது.

சுவர் விழுந்ததோடு சாதி விழவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் கல்லறைத் தோட்டங்களையும், திருமண்டலத் தேர்தல் சமயத்தில் எந்த ஊருக்கு யார் ஓட்டு என்று போடும் கணக்கையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சுவர் விழுந்தது ஒரு நிஜமான மாற்றம். அதற்கு ஒரு தேதி இருக்கிறது. யாரோ ஒருவர் எதையோ இழக்கத் துணிந்தார். அதற்கு முன்னால் எத்தனையோ அறிவுரைகள் வந்துபோயின. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சுற்றறிக்கை எழுதினார். அது வேறு சபை, வேறு வரிசை என்றாலும் நோய் ஒன்றுதான். அந்தச் சுற்றறிக்கையிலிருந்து வடக்கன்குளத்துச் சுவர் விழுந்தது வரை 77 வருடம்.

இதே அளவுகோலை இன்றைக்கு வைத்துப் பார்க்கலாம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆங்கிலேயர் 1860இல் எழுதியது. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸ், உத்கல் கிறிஸ்டியன் கவுன்சில் ஆகிய கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. 2013இல் அந்தப் பிரிவு உயிர்பெற்றது. 2018 செப்டம்பரில் மறுபடி, இந்தமுறை தீர்மானமாக, வயதுவந்தோர் விரும்பி இணைவது குற்றமல்ல என்று ஆனது. கிறிஸ்தவத் தரப்பு முழுக்க ஒரே குரலில் பேசவில்லை. 2013 தீர்ப்பின்போது மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், தன்பால் திருமணத்தைச் சபை ஏற்காது, ஆனால் அவர்களைக் குற்றவாளிகளாக்குவதையும் ஏற்காது என்றார். இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றம் பல வருடமாகப் பாலினச் சிறுபான்மையினர் பற்றிக் கலந்தாய்வுகள் நடத்துகிறது. திருநங்கையருக்காகக் கிறிஸ்துமஸ் விழா நடத்தும் சபைகளும் உண்டு.

இவையெல்லாம் அசைவுகள்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கவனித்துப் பாருங்கள். திருநங்கையர் நம் ஆலயத்துக்குப் பெரும்பாலும் விருந்தாளிகளாக வருகிறார்கள். சேலை கொடுக்கிறோம், கேக் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அவர்கள் வெளியிலிருந்து வருபவர்கள் என்பதால் இரக்கம் காட்டுவது எளிது. தன்பாலீர்ப்பு உள்ளவர் அப்படி வெளியிலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார். பாடகர் குழுவில் பாடுகிறார், ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார், சங்கம் வசூலிக்கிறார். அவருக்கு இரக்கம் தேவையில்லை. தான் யாரோடு வாழ்கிறேன் என்று பொய் சொல்லாமல் அதே பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கொடுக்கக் கடினமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரிடம் இதைப் பேசினேன். எங்கள் ஊரில் ஐயர் என்போம். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தப் பையனை வெளிய போன்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நற்கருணைக்கு முழங்கால் போட்டான்னா கொடுப்பேன். ஆனா ரெண்டு பேரா வந்து நின்னா நான் என்ன செய்யணும்னு என் ஜெபப் புத்தகத்துல இல்லியே."

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேத வசனங்கள் இருக்கின்றன. லேவியராகமமும் ரோமர் முதல் அதிகாரமும் அவர் வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்த புத்தகத்தில் இருப்பவை. உடைந்துபோகும் பயமும் இருக்கிறது. 1835இல் ரேனியஸ் விஷயத்திலும், 1857இல் நாசரேத் பக்கம் சட்டாம்பிள்ளை பிரிந்துபோய் இந்து கிறிஸ்தவ சபை தொடங்கியபோதும் பிளவு என்றால் என்ன என்று இந்தச் சீமை பார்த்திருக்கிறது. சிறுபான்மையாக இருப்பதன் பதற்றமும் உண்டு. "இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, அவன் கெட்டுட்டான், நாமாவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும்" என்ற பேச்சு அந்தப் பதற்றத்திலிருந்து வருவது. 377ஆம் பிரிவும் அதே மேல்நாட்டுக் கப்பலில் வந்ததுதான் என்பதை அப்போது யாரும் சொல்வதில்லை.

வசனம் மாறாமலே அதைப் படிக்கும் விதம் மாறியதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையும் சேர்ந்திருக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் பேராயர்கள் லாம்பெத்தில் கூடும் மாநாடு 1920இல் கருத்தடையைக் கண்டித்தது. 1930இல் நிபந்தனையோடு ஏற்றது. அதே மாநாடு 1998இல், தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று 526க்கு 70 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்திலேயே, தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்ற வாக்குறுதியும் இருக்கிறது. முதல் பாதி நம் சபைகளில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதியை எந்தச் சேகரக் கூட்டத்திலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

அதுவரை நீதிமன்றங்கள் முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டபின் தீர்ப்பெழுதினார். மருத்துவம் என்ற பெயரில் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தார். டாக்டர் செய்தால் இப்போது அது தொழில் ஒழுங்கீனம். என் நண்பனைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி ஜெப வீட்டில் யாரும் டாக்டர் இல்லை. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், திருமணம் இல்லாமலும் இரண்டு பேர் குடும்பமாக இருக்க முடியும் என்றது.

"சட்டமே அனுமதிக்கலையே, சபை என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கல்யாண ஓலை வாசிப்பதற்கும் திருமணப் பதிவேட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் நற்கருணை, பாடகர் குழு, வீட்டுக்கு வந்து செய்யும் ஜெபம், நோயில் கிடப்பவனின் கட்டில் பக்கத்தில் யார் நிற்கலாம் என்பது, இறந்தபின் கல்லறையில் யார் முதல் மண் போடுவது என்பது, இவை எதற்கும் அரசாங்கத்தின் கையெழுத்து வேண்டாம். இவை முழுக்கச் சபையின் கையில் இருப்பவை. மாற்றம் நிஜமா என்று பார்க்க நான் அறிக்கைகளைப் பார்க்கமாட்டேன். இந்தப் பட்டியலைத்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தால் என் பதில் இதுதான். எங்கள் பக்கத்தில் பேச்சின் தொனி மாறியிருக்கிறது. பிரசங்கத்தில் சோதோம் கொமோரா முன்பைவிடக் குறைவாக வருகிறது. வாலிபர் கூட்டத்தில் கேள்வி கேட்கிறார்கள், கேட்டவனை யாரும் அடிப்பதில்லை. ஆனால் விதி இன்னும் 1778இல் நிற்கிறது. தனியாக வந்தால் கதவு திறக்கும். துணையோடு வந்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் அந்தத் துணைக்கு ஒரு பெயர் இருக்காது.

பாளையங்கோட்டைக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பதிவேட்டில் முதல் பெயராக யாரை வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். சபை ஒருகாலத்தில் தகாதது என்று சொன்ன உறவுக்குள் இருந்துதான் கிளாரிந்தாவின் விசுவாசமே முளைத்தது. அது தெரிந்தும் அவரைத் தாய் என்கிறோம். இன்று ஒருவன் அதேபோல் வந்து நிற்கும்போது, இன்னொரு சாவு வரை காத்திருக்க வேண்டுமா?

போன அசனப் பண்டிகைக்கு நண்பன் ஊருக்கு வந்திருந்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். சாம்பார் வாளியோடு வந்த பெரியம்மா ஒருத்தி அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்ன மக்கா, தனியாவா வந்த? ஒங்கூட இருக்குத பையனையும் கூட்டியாந்திருக்கலாம்லா, சாப்பிட்டுட்டுப் போயிருப்பான்லா" என்றாள். அவளுக்குத் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அவன் இலையைப் பார்த்தபடி, "அடுத்த வருசம் பாப்போம் பெரியம்மா" என்றான்.

அவள் அவன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.