மோட்டார் சைக்கிளின் முன் ஸ்பிரிங்



தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். பின்னால் மனைவி, இடையில் பிள்ளை, கைப்பிடியில் மளிகைப் பை. குறுக்கே ஒரு நாய் ஓடுகிறது. முன் பிரேக்கை இழுக்கிறோம். வண்டி மூக்கால் தரையை முட்டுவது போலக் குனிகிறது. செம்மண் பாதையில் இது சிறு அதிர்ச்சியோடு போய்விடும். ஜொகூர் பாலத்தில், விடியற்கால மழையில், லாரிக்குப் பின்னால் இப்படிக் குனிந்தால் என்ன ஆகும்? முன் ஸ்பிரிங் முழுதும் அமுங்கிவிட்டால் அதற்குமேல் அது அசைய இடமில்லை. அடுத்த பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடர்ந்து பற்றாது, துள்ளும். துள்ளுகிற டயருக்குப் பிரேக் பிடிக்காது.

1924ல் முறைப்படி திறந்து வைக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வழியாக, ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தோட்டத்துக் குடும்பங்களிலும் உண்டு. புது ஸ்பிரிங், புது போர்க் வாங்க எல்லாரிடமும் பணம் இருப்பதில்லை. குறைந்த செலவில் முன்பக்கத்தை இறுக்கமாக்குவது எப்படி என்ற கேள்வி அவர்களுக்கு விளையாட்டல்ல. அதற்கு விடை காண, அந்தப் பாகத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஸ்பிரிங்கின் விதியை 1678ல் அச்சில் வெளியிட்டவர் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி, இரண்டு மடங்கு பாரம் வைத்தால் இரண்டு மடங்கு அமுங்கும் என்பதுதான் அது. அப்போது மோட்டார் சைக்கிள் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் இன்று நாம் செய்யும் கணக்கு அவருடையதே.

பழைய ஆங்கில வண்டிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, முன்னால் ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம் நினைவிருக்கலாம். கர்டர் போர்க் என்று அதற்குப் பெயர். ஒரே பெரிய ஸ்பிரிங் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே நிற்கும். பல வண்டிகளில் பக்கத்தில் ஒரு கைத்திருகும் இருந்தது. அதைத் திருகினால் தகடுகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசும், ஆட்டம் குறையும். காசு செலவில்லை, பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. மேடு பள்ளமான சாலை வந்தால் இறங்கி நின்று ஒரு திருகு திருகிக்கொள்ளலாம்.

1935ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் வேறொரு போர்க்கைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், அவற்றுக்குள் ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க எண்ணெய். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக மாட்ச்லெஸ் நிறுவனம் செய்த வண்டிகளிலும் 1941 முதல் இந்த அமைப்பு வந்தது. இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தக் குழாய் போர்க்கையே கொண்டவை. பழையதைவிட இது எத்தனையோ மடங்கு மேலானது, சந்தேகமில்லை. ஆனால் ஏழைக்கு ஒரு நட்டம் நேர்ந்தது. வெளியே இருந்த ஸ்பிரிங்கும் திருகும் குழாய்க்குள் மறைந்துவிட்டன. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமலே கைவைக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்கிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் இந்தப் பாகத்தின் அருமையை மக்கள் கண்ணால் கண்ட இடம் ஒன்று உண்டு. அப்பர் தாம்சன் சாலைப் பகுதியில், பொதுச் சாலையையே அடைத்து, 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தினார்கள். ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். கார்களுக்கு மட்டுமல்ல, மோட்டார் சைக்கிள்களுக்கும் பந்தயம் உண்டு. நேர்ச்சாலையில் வேகம் எடுத்து, வளைவுக்கு முன் கடுமையாகப் பிரேக் பிடித்து, பாம்புபோல் நெளியும் பாதையில் புகவேண்டும். குனிகிற போர்க்கோடு அங்கே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. உயிர்ச்சேதங்களும் நேர்ந்தன, 1973க்குப் பிறகு பந்தயம் நின்றுபோயிற்று.

பந்தயம் சிலருக்கு. நம்மவர் வாழ்வில் புகுந்த வண்டி வேறு. 1958ல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். கித்தாத் தோட்டங்களில் சைக்கிளின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது இந்த இனத்து வண்டிதான். ‘கப்’ என்ற பெயரோடு ‘சிறியது’ என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து ‘கப்சாய்’ ஆயிற்று என்பார்கள். அதன் முன்பக்கம் குழாய் போர்க் அல்ல. சக்கரத்தை ஏந்தும் இரண்டு குட்டைக் கைகள். முன் பிரேக் பிடித்தால் அது குனியாது, சற்றே எழும்பும்! இதில் பழகியவர்கள் குழாய் போர்க் உள்ள வண்டிக்கு மாறியபோது, “இது என்ன, இப்படித் தொய்கிறதே” என்று எண்ணியதில் வியப்பில்லை.

தொய்வுக்கு மருந்து தேடிப் போக ஒரு தெரு இருந்தது. சிராங்கூன் சாலையில் தேக்காவைத் தாண்டி, ரோச்சோர் கால்வாய் ஓரமாகப் போனால் சுங்கை ரோடு. 1930களில் தொடங்கிய பழம்பொருள் சந்தை அது. திருட்டுச் சந்தை என்றும் பெயர். விற்றதெல்லாம் திருட்டுப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் கழிவுப் பொருள்கள்கூட அங்கே வந்தன. தரையில் சாக்கை விரித்து, பழைய கடிகாரம், சப்பாத்து, இரும்புச் சாமான் என்று பரப்பியிருப்பார்கள். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம்.

சரி, மலிவான வழிகளுக்கு வருவோம். உலகெங்கும் ஓட்டுநர்கள் கையாண்ட முதல் தந்திரம், போர்க்கின் மேல்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கின் தலைமேல் சில்லறைக் காசுகளையோ வாஷர்களையோ ஒரு குழாய்த் துண்டையோ அடுக்கி, மூடியை அழுத்தித் திருகுவது. வண்டி உடனே நிமிர்ந்து நிற்கும். “இறுகிவிட்டது!” என்று மகிழ்வார்கள். உண்மையில் இறுகியதா?

ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க அரைக் கிலோ பாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 10 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காசு அடுக்கினால், மூடியை மூடும்போதே 5 கிலோ அழுத்தம் அதில் ஏறிவிடுகிறது. இரண்டு கால்களுக்கும் சேர்த்து 10 கிலோ. ஆகவே வண்டி உயர்ந்து நிற்கிறது. ஆனால் அதற்குமேல் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அதே அரைக் கிலோதான்! ஹூக்கின் விதியைக் காசு மாற்றாது. குனிதல் கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து தொடங்கும், அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து தளர்ந்த ஸ்பிரிங்குக்கு இது நியாயமான வைத்தியம். அளவு மீறி அடுக்கினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, போர்க் கட்டைபோல் ஆகிவிடும்.

உண்மையாகவே ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் மலிவான வழி, கேட்பதற்கு விந்தையாக இருக்கும்: அதை வெட்டிக் குறைப்பது. சுருள்கள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் கடினம் கூடும். வேலை செய்யும் சுருள்கள் 40 இருந்து, 10ஐ வெட்டி 30 ஆக்கினால், மூன்றில் ஒரு பங்கு கடினம் கூடும். அரைக் கிலோ கேட்ட இடத்தில் ஏறத்தாழ 670 கிராம் கேட்கும். வெட்டிய நீளத்துக்குச் சமமான உலோகக் குழாய்த் துண்டை மேலே வைத்து ஈடுசெய்ய வேண்டும். இதில் பொறுமை தேவை. காஸ் விளக்கால் வெட்டினால் சூட்டில் எஃகின் முறுக்கு போய்விடும். அறுக்கும் தகட்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்து மெதுவாக வெட்டி, முனையைத் தட்டையாக்க வேண்டும். மிஞ்சிய சுருள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளின் கூட்டுத்தொகை, போர்க் அமுங்கும் தூரத்தைவிட அதிகமாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது கட்டாயம். அளக்கத் தெரியாவிட்டால், தெரிந்த பட்டறைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. இரண்டு கால்களையும் ஒரே அளவாகச் செய்யாவிட்டால் வைத்தியம் நோயைவிட மோசமாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: எண்ணெய். பத்து வருடம் மாற்றாத எண்ணெய் சேறும் உலோகத் தூளும் கலந்து, கரிப்பிடித்த தண்ணீராகிவிடுகிறது. நாம் இறுக்கம் இல்லை என்று நினைப்பது பல வேளைகளில் ஸ்பிரிங்கின் குறையல்ல, எண்ணெயின் குறை. 10 எண் எண்ணெய்க்குப் பதில் 15 எண் போட்டால் குனிதல் மெதுவாகும். ஆனால் கவனியுங்கள்: எண்ணெய் பாரத்தைத் தாங்காது, அசைவின் வேகத்தை அடக்கும், அவ்வளவுதான். கர்டர் போர்க்கில் கைத்திருகு செய்த வேலையும் இதுவே. மிகக் கெட்டியான எண்ணெய் போட்டால், அடுத்தடுத்து வரும் குழிகளில் போர்க் எழ நேரமில்லாமல் அமுங்கியே நிற்கும். அளவுக்கு மேல் ஊற்றினால், உள்ளிருக்கும் காற்றுக்கு இடமில்லாமல் ஆயில் சீலைப் பிய்த்துக்கொண்டு எண்ணெய் வெளியே வந்து பிரேக்கில் வடியும்.

எவ்வளவு இறுக்கம் போதும் என்று அறிய கருவி வாங்க வேண்டாம். நம் தோட்டத்திலேயே கிடைப்பதுதான். ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தைப் போர்க்கின் பளபளப்பான குழாயில் மாட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். போர்க் எதுவரை அமுங்கியதோ அதுவரை வளையம் தள்ளப்பட்டு நிற்கும். கடைசிவரை போயிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை என்றால் நீங்கள் இறுக்கியது அதிகம்.

சிங்கப்பூரில் 1990ல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. 2022ல் மோட்டார் சைக்கிளுக்கான சான்றிதழ் 12,000 வெள்ளியையும் தாண்டியது. சிறிய வண்டிகளின் விலையைவிடத் தாளின் விலை பெரிதாயிற்று. பழைய வண்டியை வைத்துப் பராமரிப்பது அங்கே சிக்கனம் மட்டுமல்ல, பலருக்கு வேறு வழியே இல்லை. சுங்கை ரோடு சந்தையோ 2017 ஜூலை 10ல் மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் பக்கத்தில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. சாக்கு விரித்தவர்கள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்து போனார்கள்.