பன்னிரண்டு ஓட்டங்கள்

சேப்பாக்கம் மைதானத்துக்கும் கடைசி விக்கெட்டுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் உண்டு என்று அம்பத்தூர்ப் பக்கத்தில் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1986 செப்டம்பர் 22 அன்று ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் அங்கே சமனில் முடிந்தது. 1987 அக்டோபர் 9 அன்று அதே ஆஸ்திரேலியாவிடம் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை ஒரே ஓட்டத்தில் இழந்தோம். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் பன்னிரண்டு ஓட்டங்களில் தோற்றோம். ஆட்டங்களின் வரலாறு ஏடுகளில் இருக்கிறது. ஆட்டம் முடிந்தபின் ரயிலிலும் தேநீர்க்கடையிலும் தொழிற்சாலை வாயிலிலும் நடந்த வழக்காடலின் வரலாற்றை எழுதி வைத்தவர் எவருமில்லை. அதில் ஒரு சிறு பகுதியையேனும் பதிவு செய்யலாமே என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிரண்டு ஆட்டங்களின்போது நமக்கு ஐந்தாறு வயது. ஆகவே அவை நமக்குச் செவிவழிச் செய்திகளே. அன்றைய மேற்குப் புறநகர் என்பது ஷிப்டு நேரத்தால் இயங்கிய உலகம். அம்பத்தூரில் டன்லப், டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களில் எழுந்த தொழிற்பேட்டையின் நூற்றுக்கணக்கான பட்டறைகள். ஆவடியில் விஜயந்தா டாங்கிகளைச் செய்த கனரக வாகனத் தொழிற்சாலை. மைதானத்துக்குச் செல்லும் வசதியும் விடுப்பும் வாய்த்தவர்கள் சிலரே. மற்றவர்க்கு வானொலிதான் மைதானம். அப்துல் ஜப்பார், கூத்தபிரான், வி. ராமமூர்த்தி ஆகியோரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. கண்ணால் காணாத ஆட்டத்தைப் பற்றி வாதிடுவதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொருவரும் தம் மனத்திரையில் கண்ட ஷாட்டைச் சாட்சியாக நிறுத்தலாம், மறுப்பார் இல்லை.

1986இல் வழக்கு ரவி சாஸ்திரியின் மீது. வெற்றிக்கு 348 ஓட்டங்கள் தேவை. கடைசி ஓவரின் மூன்றாம் பந்தில் ஓர் ஓட்டம் எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்தார் சாஸ்திரி. ஆனால் எஞ்சிய மூன்று பந்துகளுக்கு முன்னே மனிந்தர் சிங்கை நிறுத்திவிட்டார். ஐந்தாம் பந்தில் கிரெக் மாத்யூஸ் வீச்சில் மனிந்தர் எல்.பி.டபிள்யூ. என்று நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். அந்த ஓர் ஓட்டத்தை எடுத்திருக்கலாமா? எடுத்ததால் தோல்வி இல்லை என்று உறுதியானது என்பது ஒரு கட்சி. எடுத்ததால்தான் வெற்றி போயிற்று என்பது மறுகட்சி. நமக்குத் தெரிந்து இரு கட்சியும் இன்றுவரை சமாதானமாகவில்லை.

மறு ஆண்டு 270 என்ற இலக்கைத் துரத்தி, ஸ்ரீகாந்தும் சித்துவும் அடித்துத் தந்த அடித்தளத்தில் இரண்டே விக்கெட் இழப்புக்கு இருநூறைக் கடந்த அணி 269இல் சுருண்டது. கடைசி ஓவரில் ஆறு ஓட்டங்கள் வேண்டியிருந்தன. களத்தில் மீண்டும் மனிந்தர். நான்கை எடுத்துவிட்டு, ஐந்தாம் பந்தில் ஸ்டீவ் வாவிடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். இங்கே குற்றப்பத்திரிகையில் கபில்தேவின் பெயரும் ஏறியது. ஆஸ்திரேலியா ஆடியபோது டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நான்கு ஓட்டங்கள் என்று நடுவர் கைகாட்டினார். அது எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்தது என்று ஆஸ்திரேலியர் இடைவேளையில் முறையிட, கபில் ஒப்புக்கொண்டு 268ஐ 270 ஆக்கினார். அந்த இரண்டு ஓட்டங்கள்தாம் தோல்விக்குக் காரணம் என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்லலாம். அறம் பெரிதா, ஆட்டம் பெரிதா என்று பட்டிமன்றத் தலைப்பாகவே இதை வைத்துவிடலாம். நல்லவேளை, நம் பட்டிமன்றத்தார் கண்ணில் படவில்லை.

பதினோராவது ஆட்டக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம்மூர்க் கண்டுபிடிப்பன்று. 1882 ஆகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் 85 ஓட்டங்களைத் துரத்திய இங்கிலாந்து 77இல் வீழ்ந்தது. கடைசியாக வந்த பீட் மட்டையைச் சுழற்றி ஆட்டமிழந்தார். மறுமுனையில் நின்றவர் ஸ்டட், அதே பருவத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிராக இரு சதங்கள் அடித்தவர்; ஒரு பந்தையும் சந்திக்காமலே நின்றார். அவரை நம்ப முடியாததால்தான் தானே அடிக்க முயன்றதாகப் பீட் விளக்கம் தந்தார் என்பார்கள். அந்தத் தோல்விக்கு லண்டன் பத்திரிகை ஒன்று எழுதிய கேலி இரங்கற்குறிப்பிலிருந்துதான் 'ஆஷஸ்' என்ற பெயரே பிறந்தது. ஏழு ஓட்டத் தோல்வி ஒன்று நூற்று நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படுகிறது.

இனி 1999. இதை நாம் செவிவழியாக அறியவில்லை. கல்லூரியில் முதலாண்டு மாணவர்களாக இருந்து கண்டோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. முதல் ஆட்டம் டெல்லியில் நடப்பதாக இருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் சிவசேனையினர் பெரோஸ் ஷா கோட்லா ஆடுகளத்தைக் கொத்திப் போட்டனர். ஆகவே சென்னை முதலிடத்துக்கு வந்தது. ஆட்டத்துக்குப் போவதே ஒரு நிலைப்பாடு எடுப்பதைப் போன்றிருந்த நாட்கள் அவை.

பாகிஸ்தான் 238, இந்தியா 254. சச்சின் பூஜ்யம். அறிமுக ஆட்டக்காரரான நம்மூர் சடகோபன் ரமேஷ் 43 எடுத்ததில் அம்பத்தூருக்கே மார்பு விரிந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் அப்ரிடி 141 அடிக்க, நான்கு விக்கெட்டுக்கு 275 என்று ஓங்கி நின்ற பாகிஸ்தானை வெங்கடேஷ் பிரசாத் 286இல் முடித்தார். 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட். இலக்கு 271. ஆறு ஓட்டங்களுக்குள் ரமேஷையும் லட்சுமணையும் வக்கார் யூனிஸ் அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்பேட்டை உறங்கிக் கிடந்தது. டிராவிட், அசாருதீன், கங்குலி என்று வரிசையாகப் போக, 82க்கு ஐந்து. அதன்பின் சச்சினும் கீப்பர் நயன் மோங்கியாவும் சேர்ந்து எடுத்த 136 ஓட்டங்களை விவரிக்கும் ஆற்றல் நமக்கில்லை. முதுகு பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார் சச்சின். மோங்கியா 52இல் வாசிம் அக்ரம் பந்தைத் தூக்கி அடித்துப் பிடிபட்டார். சச்சின் 136இல், வெற்றிக்குப் பதினேழே ஓட்டங்கள் இருக்கையில், சக்லைன் முஷ்டாக்கின் எதிர்ச்சுழல் பந்தைத் தூக்கி அடிக்க, வாசிம் பிடித்தார். எஞ்சிய மூன்று விக்கெட்டுகள் நான்கு ஓட்டங்களில் போயின. ஸ்ரீநாத் தடுத்த பந்து பின்னால் உருண்டு ஸ்டம்பைத் தொட்டதும் 258இல் எல்லாம் முடிந்தது. சிறிது நேரம் மைதானத்தில் ஒலியே இல்லை. பிறகு மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள்.

சேப்பாக்கத்தில் பறக்கும் ரயிலேறிப் பூங்கா நகரில் இறங்கி, சென்ட்ரலில் ஆவடி வண்டியைப் பிடித்தோம். வழக்கு ரயிலிலேயே தொடங்கிவிட்டது. பேசின் பிரிட்ஜ் வரை அழுகை. வில்லிவாக்கத்துக்குப் பின் குற்றச்சாட்டு. முதற்குற்றவாளி மோங்கியா. 53 ஓட்டங்கள் இருக்கையில், மறுமுனையில் அப்படியொரு மனிதர் நிற்கையில், அந்த ஷாட் எதற்கு? இரண்டாவது, கங்குலி அடித்த பந்து தரையைத் தொட்டுத் துள்ளியதா என்பது. அது நடுவர்மீதான வழக்கு. மூன்றாவது வழக்கைத் தொடுக்கப் பட்டரவாக்கம் வரை எவருக்கும் துணிவில்லை. பிறகு ஒருவர் மெல்லச் சொன்னார்: "பதினேழு ரன்னுதானேப்பா... ஒண்ணு ரெண்டா தட்டியிருக்கலாம்ல?" பெட்டியே அவர்மீது பாய்ந்தது. முதுகு வலிப்பவன் ஒன்று இரண்டாக எப்படி ஓடுவான், ஓட முடியாததால்தானே தூக்கி அடித்தான் என்றார்கள். பின்னிரண்டு ஆட்டக்காரர்களை நம்பியிருக்க வேண்டும் என்றார் அவர். நம்பினால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அந்த நான்கு ஓட்டங்களே சாட்சி என்றார்கள். (பீட்டின் வாதம்தான், பெட்டியில் பீட்டைக் கேள்விப்பட்டவர் எவருமில்லை.)

அம்பத்தூரில் இறங்கி வழக்கமான நாயர் கடைக்குப் போனபோது அங்கும் அவை கூடியிருந்தது. மைதானத்துக்குப் போகாதவர்கள், தொலைக்காட்சியில் மறுஒளிபரப்புகளைப் பார்த்தவர்கள். ஆதலால் அவர்களுடைய குற்றப்பத்திரிகை இன்னும் நுணுக்கமானது. அதில் அசாருதீனின் பெயர் வந்தது. ஏழு ஓட்டங்களில் அவர் எல்.பி.டபிள்யூ. ஆனதைச் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இளைஞன், ஆட்டத்தை விட்டு ஆளைப் பற்றிப் பேசத் தலைப்பட்டான். எந்த அணியிடம் என்பதையும், அவர் பெயர் என்ன என்பதையும் சேர்த்து ஒரு வாக்கியம். அதை இங்கே எழுதப் போவதில்லை.

கடை விசுப்பலகையின் ஓரத்தில் கையில் கண்ணாடித் தம்ளருடன் தையற்கடை பாய் அமர்ந்திருந்தார். எங்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்தவர். கடையில் பேச்சு நின்றது. பாய் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போவதற்குக் காசை எடுக்கிறாரா என்று தோன்றியது. அப்போது ஆவடித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த பெரியவர் ஒருவர், இளைஞனைத் திரும்பியும் பார்க்காமல், பாயை நோக்கிக் கேட்டார்: "பாய், நீங்க சொல்லுங்க. மோங்கியா அந்த ஷாட்ட ஆடியிருக்கலாமா?"

பாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தொடங்கினார். பழைய பந்தில் வாசிம் உள்ளே கொண்டுவருவதைப் பற்றி, அதைத் தூக்கி அடிப்பதன் மடமையைப் பற்றி, ஐம்பதைக் கடந்தவனுக்கு வரும் மிதப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அன்று மோங்கியாவை அவ்வளவு கடுமையாகத் திட்டியவர் வேறெவருமில்லை. இளைஞன் இடையில் எப்போது போனான் என்று தெரியவில்லை. நாயர் இரண்டாவது தேநீருக்குப் பாயிடம் காசு வாங்கவில்லை.

கைதட்டலைப் பற்றிய வழக்குத் தனியாக நடந்தது. உலகமே சென்னையைப் பாராட்டியதைப் பத்திரிகைகளில் படித்தோம். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் கார்கில் போர் மூண்டபோது, டாங்கிகள் செய்யும் ஆவடியில் அந்தக் கைதட்டல் மறுவிசாரணைக்கு வந்தது. பஞ்சாபிகளும் வங்காளிகளும் மலையாளிகளும் கலந்து வாழும் குடியிருப்புகளில் விவாதம் மூன்று மொழிகளில் நடந்தது. தட்டியது தவறு என்று சொன்ன பலர், அன்று எழுந்து நின்று தட்டியவர்களே.

தமிழ் இலக்கியம் பயிலச் சென்றபின் புறநானூற்றில் வெண்ணிப் போரைப் படிக்கையில் நமக்கு இந்த ஞாயிறுதான் நினைவுக்கு வந்தது. கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண்பட்டது. அதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்திப் பாடிய பாட்டில், உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார். வென்ற மன்னனின் நேர்முன்னே தோற்றவனைப் புகழும் அந்தக் குயவர்குலப் பெண்ணை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், சேப்பாக்கத்தின் கைதட்டல் அதன் மறுதலையாக நம் காதில் கேட்கும். அங்கே தோற்றவனுக்குப் பாட்டு. இங்கே வென்றவர்க்குக் கரவொலி. முதுகு நோவோடு தோற்றவனோ ஓய்வறையை விட்டு வெளியே வரவில்லை. ஆட்ட நாயகன் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. வாங்க அவர் மேடைக்கு வரவில்லை.

2000ஆம் ஆண்டு எல்லா வழக்குகளையும் கெடுத்துவிட்டது. சூதாட்ட விவகாரத்தில் மே மாதம் பாகிஸ்தானில் சலீம் மாலிக்கும், டிசம்பரில் இங்கே அசாருதீனும் வாழ்நாள் தடைக்கு உள்ளானார்கள். இருவரும் அந்தச் சென்னை ஆட்டத்தில் ஆடியவர்கள். (அசாரின் தடையை ஆந்திர உயர்நீதிமன்றம் 2012இல் செல்லாதென்றது.) அந்த ஆட்டத்தைப் பற்றி எந்த ஆதாரமும் எவரும் காட்டவில்லை, ஆனால் தேநீர்க்கடைக்கு ஆதாரம் தேவையில்லை. ஒருவன் ஏன் அப்படி ஆடினான் என்று கேட்டவர்கள், எவ்வளவுக்கு ஆடினான் என்று கேட்கத் தொடங்கினார்கள். அதன்பின் மோங்கியாவின் ஷாட்டைப் பற்றி வாதிடுவதில் பொருளில்லாமல் போயிற்று. வாதிட வேண்டுமானால் ஆடியவன் நேர்மையாக ஆடினான் என்ற நம்பிக்கை இரு கட்சிக்கும் வேண்டுமே. இரண்டு மூன்று ஆண்டுகள் நாயர் கடையில் அரசியலும் சினிமாவும்தான் ஓடின. இதை நாம் பெரிய இழப்பாகவே கருதுகிறோம்.

2008 டிசம்பர் 15. மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. அதே சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 387 ஓட்டங்களைத் துரத்தி, சச்சின் ஆட்டமிழக்காமல் 103 எடுக்க, இந்தியா வென்றது. ஓய்வு பெற்றுவிட்ட அந்த வெல்டர் பெரியவரை அன்று மாலை அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தருகே கண்டோம். மகிழ்ச்சியோடு கைகுலுக்கினோம். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் யுவராஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பேருந்து வரவும் படியில் காலை வைத்தவர் திரும்பிச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. ஆனா அன்னிக்கு மோங்கியா அத ஆடியிருக்கக் கூடாது."