வலதுசாரி வீட்டில் பிறந்த கட்டாயம்

2011 அக்டோபர் 18. லாஸ் வேகாஸில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகத் துடித்தவர்களின் விவாத மேடை. மிட் ராம்னியை மற்றவர்கள் ஒரே விஷயத்தில் மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது எல்லோரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர். ஒபாமா நாடு முழுவதற்கும் கொண்டுவந்ததும் அதேதான். ராம்னி சக போட்டியாளர் நியூட் கிங்ரிச் பக்கம் திரும்பி, அந்த யோசனையே உங்களிடமிருந்து வந்ததுதான் என்றார். என்னிடமிருந்து இல்லை, வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனிடமிருந்து என்றார் கிங்ரிச். நீங்களும் அதை ஆதரித்தவர்தானே என்று ராம்னி விடாமல் கேட்க, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

இருவர் சொன்னதும் உண்மை. அமெரிக்காவில் இடதுசாரிச் சதி என்று பல கோடிப் பேர் நம்பிய ஒரு விதி, தடையற்ற சந்தையைத் தெய்வமாக மதித்தவர்களின் வீட்டில் பிறந்தது.

அதன் வேர் 1960 வரை போகிறது. அரசுத் திட்டமிடலை விடாமல் எதிர்த்த பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹாயக், அந்த ஆண்டில் வெளிவந்த தன் நூலில் ஒரு வாதத்தை வைத்தார். கையில் ஒன்றுமில்லாமல் விழுந்தவனைச் சமூகம் எப்படியும் தாங்கத்தான் போகிறது. அப்படியென்றால், வசதி உள்ளபோதே அவன் தனக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கேட்பதில் தவறில்லை. சுதந்திரம் பேசியவரே கட்டாயத்துக்கு இவ்வளவு இடம் விட்டிருந்தார்.

அமெரிக்காவில் அந்தத் தாங்கல் 1986இல் சட்டமாகவே ஆனது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடமிருந்து பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும், அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் காசு இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. பரிசோதித்து, உயிராபத்து நீங்கும் அளவுக்காவது சிகிச்சை தர வேண்டும். கையெழுத்திட்டவர் ரொனால்ட் ரேகன். அந்தச் செலவை யார் கொடுப்பது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. கொடுக்கமுடியாதவர் விட்டுச்சென்ற கடன், காப்பீடு வைத்திருந்தவரின் பில்லிலும் வரி கட்டுபவர் தலையிலும் போய் ஏறியது.

இதற்கு விடை தேடியவர் ஸ்டூவர்ட் பட்லர். பிரிட்டனில் பிறந்து, வாஷிங்டனில் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனில் வேலை பார்த்த பொருளாதார அறிஞர். அரசே மருத்துவம் நடத்தும் முறையை அமெரிக்காவுக்குள் வரவிடக் கூடாது என்பது அவர் நோக்கம். 1989இல் அவர் முன்வைத்த வாதம் எளிமையானது. ஓர் இளைஞன் காப்பீடு இல்லாத தன் போர்ஷே காரை இடித்து நொறுக்கினால் நாம் 'ஐயோ பாவம்' என்போம், பழுது பார்க்கப் பணம் தரமாட்டோம். ஆனால் அவனே மாரடைப்பில் தெருவில் விழுந்தால், காப்பீடு இருக்கிறதோ இல்லையோ, தூக்கிக்கொண்டு ஓடுவோம். அந்த உதவி நிச்சயம் என்பதால், பெரும் செலவைத் தாங்கும் அளவுக்காவது ஒவ்வொரு குடும்பமும் பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்றார் பட்லர். முடியாதவர்களுக்கு வரிச்சலுகை வழியாக அரசு கைகொடுக்கும். பாலிசியைத் தேர்ந்தெடுப்பது குடும்பம், விற்பது தனியார் நிறுவனங்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்க் பாலியும் சக ஆய்வாளர்களும் இதே எலும்புக்கூட்டுக்குச் சதை போட்டார்கள். காப்பீடு இருந்தால் மனிதர் மருத்துவத்தைத் தேவைக்கு மேல் பயன்படுத்துவார் என்று 1968இலேயே எழுதிப் பேர் வாங்கியவர் பாலி. சந்தைப் பொருளியலில் அவரைவிடக் கறாரான ஆள் கிடைப்பது கடினம்.

1993இல் அதிபர் பில் கிளின்டனின் திட்டம் வந்தது. ஊழியர்களுக்குக் காப்பீடு தரும் பொறுப்பை முதலாளிகள் மீது கட்டாயமாக்கியது அது. அதற்கு மாற்றாக, ரோட் ஐலண்டின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சாஃபி ஒரு மசோதா கொண்டுவந்தார். கட்டாயம் முதலாளிக்கு இல்லை, தனிநபருக்கு. 1996இல் கிளின்டனை எதிர்த்து நின்ற பாப் டோல் அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஓரின் ஹேட்சும் சக் கிராஸ்லியும்கூட. 1994இல் இரண்டு திட்டங்களுமே செத்தன. எனக்கு அந்த ஆண்டு ஒரு பெரிய இழப்பாகவே படுகிறது. இரு தரப்பும் கைகுலுக்கக்கூடிய தூரத்தில் இருந்தது அப்போதுதான்.

கட்டாயம் எதற்கு என்பது நியூயார்க்கில் கண்ணுக்குத் தெரிந்தது. நோயாளி என்று யாரையும் ஒதுக்கக் கூடாது, வயதைப் பார்த்து விலை கூட்டக் கூடாது என்று 1990களின் தொடக்கத்தில் அந்த மாநிலம் சட்டம் போட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லோரும் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. நோய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஆரோக்கியமாக இருப்பவன் ஏன் பிரீமியம் கட்டுவான்? அவன் விலக, மிச்சமிருப்பவர்களின் செலவு கூடி பிரீமியம் ஏறும். ஏற ஏற அடுத்த நிலையில் இருப்பவனும் விலகுவான். தனியாகப் பாலிசி வாங்குவோரின் சந்தை அங்கே சுருங்கிக்கொண்டே போனது. 2013இல், எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்த ஒபாமாவின் புதிய சட்டத்தின் கீழ் அடுத்த ஆண்டுக்கான பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கும் என்று அந்த மாநில அரசே அறிவித்தது.

யோசனைக்கு உயிர் கொடுத்த இடம் பாஸ்டன். காப்பீடு இல்லாதவர்களின் மருத்துவமனைக் கடனை அடைக்க மாசசூசெட்ஸ் ஏற்கெனவே ஒரு நிதி வைத்திருந்தது. அந்தப் பணத்தை மக்களுக்குக் காப்பீடு எடுத்துத் தருவதற்குத் திருப்பாவிட்டால் ஆண்டுக்கு 38.5 கோடி டாலர் நின்றுபோகும் என்று மத்திய அரசு எச்சரித்தது. ராம்னி வணிகத்தில் கணக்குப் பார்த்தே வளர்ந்தவர். எம்ஐடி பொருளியலாளர் ஜானதன் க்ரூபரின் கணிப்புகளும் அவர் முன் இருந்தன. கட்டாயம் இல்லாமல் கணக்கு உதைத்தது. 2006 ஏப்ரல் 12 அன்று ஃபனுயில் ஹாலில் அவர் கையெழுத்திட்டபோது பக்கத்தில் நின்றவர் டெட் கென்னடி. 1994 செனட் தேர்தலில் ராம்னியைத் தோற்கடித்தவர். ஹெரிட்டேஜிலிருந்தும் ஒருவர் மேடையேறி வாழ்த்தினார். காப்பீடு எடுக்காதவருக்கு முதல் ஆண்டு நஷ்டம் 219 டாலர் வரிச்சலுகை, அவ்வளவுதான்.

பாஸ்டன் தலைமைச் செயலகக் கட்டடத்தில் ராம்னியின் ஓவியம் மாட்டியிருக்கிறது. அதில் அவருக்குப் பக்கத்தில் இரண்டு பொருள்கள்: ஒன்று மனைவியின் புகைப்படம், மற்றொன்று மருத்துவச் சின்னம் பொறித்த தோல் அட்டையுள்ள கோப்பு, அந்தச் சட்டத்தைக் குறிப்பது. தன் ஆட்சிக்கு அடையாளமாக அவர் முன்னிறுத்திய சாதனை அதுதான்.

ஜனநாயகக் கட்சியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2008 வேட்பாளர் போட்டியில் ஹிலாரி கிளின்டன் கட்டாயத்தை ஆதரித்தார், ஒபாமா எதிர்த்தார். குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார். எல்லோரும் வீடு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் வீடற்றோர் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்று கேட்டார். சமையலறை மேசையில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பதியின் படத்தைப் போட்டு அவருடைய அணி துண்டறிக்கை அனுப்பியது. 1993–94இல் கிளின்டன் திட்டத்தைக் கவிழ்க்கக் காப்பீட்டு நிறுவனங்கள் ஓட்டிய தொலைக்காட்சி விளம்பரத்தின் சாயல் அது. கொதித்துப்போன ஹிலாரி, பத்திரிகையாளர்கள் முன்னால் அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒபாமாவைக் கண்டித்தார். அவர் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். வாக்குக்காக ஒபாமா மறுத்த கணக்கை, அதிபரான பிறகு அவரே ஏற்றார். 2008 நவம்பரிலேயே காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் தெளிவாகச் சொல்லியிருந்தது: எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்றால், நோயாளியையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்கிறோம்.

அதன் பிறகு நடந்த திருப்பத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2009 ஜூனில்கூட, தனிநபர் கட்டாயத்துக்கு இரு கட்சியிலும் உடன்பாடு இருக்கிறது என்று கிராஸ்லி தொலைக்காட்சியில் சொன்னார். டிசம்பரில் அவரும் ஹேட்சும் உள்பட குடியரசுக் கட்சி செனட்டர்கள், அது அரசியலமைப்புக்கு விரோதம் என்ற ஆட்சேபத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். மனம் மாறுவது குற்றமில்லை. பட்லரே 2012இல் தான் ஏன் மாறினேன் என்று வெளிப்படையாக எழுதினார். தான் கேட்டது பெரும் செலவுக்கான காப்பீடு மட்டுமே, தானாகவே சேர்த்துக்கொண்டு விரும்பாதவரை விலகவிடும் முறையே பலன் தரும் என்று காரணமும் காட்டினார். அது மதிக்கத்தக்கது. செனட்டில் அப்படி ஒரு விளக்கம் வரவில்லை; 16 ஆண்டுகளாக அவ்விருவரையும் உறுத்தாத விதி, எதிர்க்கட்சி அதிபரின் கைக்குப் போன சில மாதங்களில் கொடுங்கோன்மை ஆனது.

2010 மார்ச் 23 அன்று கட்டாயம் அடங்கிய சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். குடியரசுக் கட்சியின் ஒரு வாக்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கே மாநிலங்கள் வழக்குப் போட்டன. காப்பீடு வாங்கக் கட்டாயப்படுத்தலாம் என்றால் பிராக்கோலி வாங்கவும் கட்டாயப்படுத்தலாமா என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா கேட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. பிராக்கோலி வாங்காதவனின் செலவு அடுத்தவன் பில்லில் ஏறுவதில்லை என்பதுதான் பட்லர் 1989இலேயே சொன்ன பதில். 2012 ஜூன் 28 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் தப்பியது. வாங்கச் சொல்லிக் கட்டளையிட அரசுக்கு அதிகாரம் இல்லை, வாங்காதவருக்கு வரி போடலாம் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அந்த ஆண்டு தன் பெயரில் இருந்த ஒரே பெரிய சாதனையைப் பேச முடியாமலே ராம்னி ஒபாமாவிடம் தோற்றார்.

2016இல் காப்பீடு வாங்காதவருக்கு அபராதம் ஆளுக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது. 2017 வரிச் சட்டம் அதைப் பூஜ்யமாக்கியது. 2019 முதல் நடைமுறை. சந்தை சரிந்துவிடும் என்று பலர் பயந்தார்கள். சரியவில்லை. மானியம் பெறுபவர் கட்டவேண்டிய தொகை வருமானத்தை ஒட்டியே இருப்பதால், ஏறிய பிரீமியத்தை அரசு தாங்கியது. மானிய வரம்புக்குச் சற்று மேலே சம்பாதித்தவர்தான் முழு விலையும் கொடுத்தார். அபராதத்தைவிட மானியமே அதிகம் பேரைக் காப்பீட்டுக்குள் வைத்திருந்தது என்பது என் கருத்து. அது ஹாயக்குக்கும் பட்லருக்கும் பதில் சொல்லிவிடாது. செலவு மறுபடியும் வரி கட்டுபவர் தலைக்கே போயிருக்கிறது.

மத்தியச் சட்டத்தின் பல் பிடுங்கப்பட்ட பிறகு நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, சாஃபியின் ரோட் ஐலண்ட் ஆகியவை தங்களுக்கென்று கட்டாயச் சட்டம் போட்டுக்கொண்டன. மாசசூசெட்ஸில் ராம்னியின் விதி நின்றுபோகவேயில்லை. அங்கே வசிக்கும் வயதுவந்தவர்கள் ஆண்டுதோறும் மாநில வருமான வரிப் படிவத்தோடு, எந்த மாதம் காப்பீடு இருந்தது, எந்த மாதம் இல்லை என்று தனித்தாளில் நிரப்பித் தருகிறார்கள்.