பள்ளிவாசல் கல்லில் எழுந்த கோட்டை

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் அடியில் நிற்கும் பழைய கோட்டை வாயிலை நம் குடும்பங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்போம். "போர்ச்சுகீசியர் கட்டியது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருப்போம். அது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

1511ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அஃபோன்சோ டி அல்புகர்க் தலைமையில் வந்த படை மலாக்கா சுல்தானகத்தை வீழ்த்தியது. வெற்றி பெற்றவர்கள் உடனே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்காகப் பள்ளிவாசல்களையும் பழைய அரசர்களின் அடக்கத்தலங்களையும் இடித்துக் கல் எடுத்தார்கள். இதைப் போர்ச்சுகீசியர்களின் குறிப்புகளே சொல்கின்றன. ஆற்று முகத்தின் அருகே எழுந்த அந்தக் கோட்டைக்கு அ ஃபமோசா, அதாவது 'புகழ்பெற்றது', என்று பெயர்.

இடிக்கப்பட்ட அந்த நகரில் நம் முன்னோருக்கும் பங்கு இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த வணிகர்கள் அங்கே பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் மகள் வயிற்றுப் பேரன்தான் மலாக்காவை ஆண்ட சுல்தான் முஸாஃபர் ஷா என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அதே வழியில் வந்த துன் முதாஹிர் பெண்டஹாரா பதவி வகித்தார். நகரம் வீழ்வதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மரண தண்டனைக்கு உள்ளானார். கோட்டை எழுந்தபின் முஸ்லிம் வணிகர்கள் பலர் ஆச்சே முதலிய துறைமுகங்களுக்குப் பெயர்ந்தார்கள்.

1641இல் டச்சுக்காரர்கள், ஜொகூரின் துணையோடு பல மாதம் முற்றுகையிட்டுக் கோட்டையைப் பிடித்தார்கள். இடிந்த பகுதிகளைச் செப்பனிட்டார்கள். இன்று வாயிலின் மேல் நாம் காணும் டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் அவர்கள் பொறித்தவை. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மலாக்காவை ஒருநாள் திருப்பிக் கொடுக்க நேரும், அப்போது இந்தக் கோட்டை தங்களுக்கு எதிராகவே பயன்படும் என்று அஞ்சி, 1807இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பணி வில்லியம் ஃபர்குவாரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுஆண்டு அங்கு வந்த ராஃபிள்ஸ், மலாக்காவைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அதற்குள் மதில்கள் போய்விட்டன. சந்தியாகு வாயில் ஒன்றே மிஞ்சியது.

இந்த இடிப்பைக் கண்டு எழுதி வைத்தவர் நம் மரபோடு தொடர்புடையவர் என்பது நமக்குப் பெருமை. அவர்தான் முன்ஷி அப்துல்லாஹ். அவருடைய பாட்டனாரின் தந்தை யமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவர். 1796இல் மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ் சிறுவயதில் தமிழும் படித்தார். அக்காலத்தில் மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கம் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். 'முன்ஷி' என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர்கள், அவரிடம் பாடம் கேட்ட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள். வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது யானையளவு கற்கள் பறந்ததையும், பிறகு ஊரார் அக்கற்களை வீடு கட்ட எடுத்துச் சென்றதையும் தம் 'ஹிகாயத் அப்துல்லாஹ்' நூலில் அவர் விவரிக்கிறார்.

அவர் எழுதியது பொய்க்கவில்லை என்பதற்கு மண்ணே சாட்சி. 2006இல் ஆற்றங்கரை அருகே சுழல் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது செம்புரைக்கல் சுவர் தென்பட்டது. அது டச்சுக்காரர்களின் மிடல்பர்க் கொத்தளம் என்று தெரிந்தது. கோபுரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அகழாய்வுக்குப் பின் கொத்தளத்தின் ஒரு பகுதி அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. 2008இல் மலாக்கா, ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து உலகப் பாரம்பரியத் தலமாயிற்று.

ஆற்றின் மறுகரையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் முதலில் மரத்தால் கட்டிய பள்ளி அது. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பாலம் கடந்து அங்கும் சென்று, அடுக்குக் கூரையையும் பகோடா போன்ற மினாராவையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பீரங்கி தாங்கக் கட்டிய மதில் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் தொழுத பள்ளி நிற்கிறது.

கல்லாவது மண்ணுக்குள் கிடந்து என்றாவது வெளிப்படும். காகிதம் அப்படியல்ல, ஒரு மழைக்காலம் போதும். பாட்டனார் கப்பலேறிய சீட்டு, பழைய கடைக் கணக்கு, நிக்காஹ் அழைப்பிதழ், தமிழில் வந்த கடிதங்கள் ஆகியவை நம் வீட்டு அலமாரிகளில் இருந்தால், அவற்றைப் படியெடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி வைப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம். பதினோரு வயதுச் சிறுவன் ஒருவன் கண்டதை மறவாமல் எழுதியதால்தான் ஒரு கோட்டையின் முடிவு இன்று நமக்குத் தெரிகிறது. சங்கத்தின் இந்த ஐம்பது ஆண்டுகளையும் அப்படி எழுதி வைக்கும் பொறுப்பு நம் எல்லாருக்கும் உண்டு.