காணி யாருக்கு? எவ்வழியில்?

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழுதுண்டு வாழும் மக்களோடு அளவளாவுகையில், பேச்சு எங்குத் தொடங்கினும் நிலத்தில் வந்து முடிவதைக் காண்கிறோம். ‘காணி யாருக்கு?’ என்னும் இக்கேள்வியே சீன நாட்டின் வரலாற்றையும் மாற்றியது. அவ்வரலாற்றில் இந்தியர் ஒருவருக்கும் பங்குண்டு என்பதை நம்முள் பலர் அறியோம்.

வங்கத்தில் 1887-இல் பிறந்த நரேந்திரநாத் பட்டாச்சாரியா, எம்.என். ராய் என்னும் பெயரில் புரட்சியாளராக உலகறியப் பெற்றார். நம் சிங்காரவேலரோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. 1924-ஆம் ஆண்டுக் கான்பூர் சதி வழக்கில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

1927-இல் பொதுவுடைமை அகிலத்தின் பேராளராக ராய் சீனா சென்றார். ஏப்ரல் 12-இல் ஷாங்காயில் சியாங் கை ஷேக் பொதுவுடைமையரைக் கொன்று குவித்தார். எஞ்சிய கூட்டணியைக் காக்க நிலப் பிரச்சினையைத் தள்ளிவைக்கலாம் என்றார் சோவியத் ஆலோசகர் பொரோதின். உழவரைக் கைவிட்டால் புரட்சியே இல்லை என்றார் ராய். வூஹானில் கூடிய கட்சியின் ஐந்தாம் பேராயம் ராயின் கருத்தை ஏட்டில் ஏற்றது, வயலில் ஏற்கவில்லை.

ஜூன் மாதம் ஸ்டாலினின் தந்தி வந்தது. உழவர் நிலங்களைக் கைப்பற்ற வேண்டும்; 20,000 கட்சியினரையும் 50,000 தொழிலாளர், உழவரையும் கொண்டு படை திரட்ட வேண்டும் என்றது அது. நம்பிக்கை வளருமென்று எண்ணி ராய் அதனைக் கூட்டணித் தலைவர் வாங் சிங்வெய்யிடம் காட்டினார். விளைந்ததோ அச்சம். ஜூலையில் கூட்டணி முறிந்தது, ராயும் திரும்பினார். ராயிடமிருந்து மாவோ கற்றார் என்பது மிகையாகும். ஹூனான் உழவரின் ஆற்றலை அவர் தாமே கண்டிருந்தார். எனினும், ராய் வாதாடித் தோற்ற அதே கேள்விக்கு மாவோ துப்பாக்கியால் விடை தேடி, 1949-இல் வென்றார். உழவர் பெற்ற நிலமோ சில ஆண்டுகளிலேயே கூட்டுப்பண்ணைகளுக்குள் போயிற்று. 1959 முதல் 1961 வரை பஞ்சம் கோடிக்கணக்கானோரை விழுங்கியது.

சீனத்தில் போர் மூண்டிருந்த அந்நாளில், 1947 முதல் 1949 வரை, சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1948-இல் இயற்றப்பெற்ற ஜமீன் ஒழிப்புச் சட்டம் குருதியின்றி ஒரு பழைய ஆதிக்கத்தை அகற்றியது. அதே ஆண்டில், அதே மாகாணத்தின் ஆந்திரப் பொதுவுடைமையர் மாவோவின் வழியே தம் வழியென்றனர். சட்டம் குடியானவர்க்குப் பட்டா தந்தது. கூலிக்கு உழைத்தோர் வெறுங்கையோடு நின்றனர் என்பதையும் நாம் மறைத்தலாகாது.

வன்முறையைக் கண்டிப்பது நமக்கு எளிது. அதற்கு முன், நிலமற்றோர் கேள்விக்கு அறவழியில் விடையளித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.