வடதமிழ்நாடு: ஒரு கோரிக்கை பிறந்த கதை

தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வன்னியர்களை அடித்தளமாகக் கொண்ட பாட்டாளி மக்கள் கட்சியின் (பா.ம.க.) நிறுவனர் ராமதாஸ் 2002-இல் கேட்டார். 2000 நவம்பரில்தான் சத்தீஸ்கர், உத்தராகண்ட், ஜார்க்கண்ட் மூன்றும் பிறந்திருந்தன. கேட்பதற்கு ஏற்ற நேரம். ஆனால் விதை விழுந்தது அரை நூற்றாண்டுக்கு முன், கடலூரில்.

1952 தேர்தலில் கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி சென்னை சட்டமன்றத்தில் 19 இடங்களைப் பிடித்தது. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இல்லாத சபை அது. வட மாவட்ட வன்னியர்கள் ஒன்றுசேர்ந்து ஓட்டுப் போட்டால் கோட்டையே திரும்பிப் பார்க்கும் என்பது அன்று தெரிந்தது. படையாச்சியார் தனி மாநிலம் பக்கம் போகவில்லை. 1954-இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார்.

நிர்வாகம் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற குறை என்னவோ நிஜம். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் கடற்கரையோரக் கடலூர். கல்வராயன் மலையடிவாரத்து விவசாயி கலெக்டரிடம் மனு கொடுக்க, விடிகாலை பஸ் பிடித்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறங்க வேண்டியிருந்தது. ‘ஐயா கேம்ப் போயிருக்கார்’ என்று டவாலி சொல்லிவிட்டால் அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019-இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி. அலைச்சல் குறைந்தது. அதற்குத் தனி மாநிலம் தேவைப்படவில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் வழக்கோ தனி மாநிலம் வந்தாலும் தீராது, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம்.

கோரிக்கைக்கு உண்மையான முட்டுக்கட்டை சிதம்பரம் மக்களவைத் தொகுதி. 1999, 2004 இரண்டிலும் அங்கே பா.ம.க.வின் பொன்னுசாமி, தலித்துகளின் கட்சியான விடுதலைச் சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவனைத் தோற்கடித்தார். 2009-இல் திருமாவளவன் ஜெயித்தார்; 2019-இல் மறுபடியும், வெறும் 3,219 ஓட்டில். இப்படிப் பிளந்து நிற்கிற மண்ணில் புது மாநிலம் யார் கைக்குப் போகும் என்று காலனிகளில் வாழும் தலித்துகள் கேட்டதில் என்ன தப்பு? மொழிவாரி மாநிலங்களில் பெரும்பான்மைச் சாதியிடம் சிறு சமூகங்கள் சிக்கிக்கொள்ளும் என்று 1955-லேயே எச்சரித்தவர் அம்பேத்கர். பெரிய மாநிலங்களைப் பிரிக்கச் சொன்னவரும் அவரேதான். இரு தரப்பும் தமக்கு வேண்டியதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

இப்போது விருத்தாசலத்தைத் தனி மாவட்டமாக்கச் சொல்கிறார்கள். நியாயமான கோரிக்கை, கொடுத்துவிடலாம். தனி மாநிலம் கேட்பவர்கள் முதலில் சிதம்பரத்துக் காலனிகளில் போய்ச் சம்மதம் கேட்டு வரட்டும்.